பாப்பா இழுத்த கப்பல்

கப்பலில் அவனை எல்லோரும் ரொட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பயணிகள் கப்பல் அது. அதன் கீழ்த்தளத்துச் சமையலறையில் ரொட்டி சுடுவது அவன் வேலை. ஊர் ஊராகப் போகிறான் என்று பேர்தான், பார்ப்பதெல்லாம் அடுப்பும் மாவும். ஆனால் அன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கப்பல் ஒரு பகல் மட்டும் நிற்கப்போகும் அந்த நகரத்தில் அவன் தங்கை இருந்தாள். நேரில் பார்த்து வருடக்கணக்காகிறது. தலைமைச் சமையல்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, மதியம் வரை வெளியே போக அனுமதி வாங்கியிருந்தான்.

தங்கைக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். ஏசி அறை, கம்ப்யூட்டர், சுழல் நாற்காலி என்று மீதியை அம்மாவே இட்டு நிரப்பி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

கப்பல் முனையத்தின் வாசலில், தொப்பியும் கேமராவுமாக இறங்கிய பயணிகளுக்கு நடுவே அவளைத் தேடினான். ஆரஞ்சு நிறச் சீருடையும் கனத்த பூட்ஸுமாக, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி எதிரே வந்து நின்றாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

"என்னண்ணா, என்னையே தெரியலையா?"

"பாப்பா! என்ன கோலம் இது? ஆபீஸ்ல தீப்பிடிச்சிருச்சா?"

அவள் சிரித்தபடி அவன் பையை வாங்கிக்கொண்டாள். "காலையில உங்க கப்பலைக் கரையோட சேர்த்துச்சே ரெண்டு இழுவைப் படகு, பார்த்தியா?"

"நான் எங்க பார்க்க? நாங்க இருக்கிற இடத்துல ஜன்னலே கிடையாது."

"பின்பக்கம் கட்டியிருந்தது என் படகு."

"உன் படகுன்னா? அதுல கணக்கு எழுதுறியா?"

"ஓட்டுறேன். நான்தான் அதுக்கு கேப்டன்."

அவன் நடுவழியில் நின்றுவிட்டான். பின்னால் யாரோ உருட்டி வந்த பெட்டி குதிகாலில் இடித்தது. வலி கூட உறைக்கவில்லை.

மேம்பால ரயிலில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலை வாரி இறைத்தன. ஒரு கட்டடத்தின் இடுப்பில் தோட்டம் இருந்தது, இன்னொன்றின் தலையில் நீச்சல் குளம். பயணிகள் எல்லோரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். அவன் மட்டும் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த ரயிலுக்கு டிரைவரே கிடையாதுண்ணா."

"நல்லவேளை. அதையும் நீதான் ஓட்டுறேன்னு சொல்லியிருப்ப."

வானத்தை முட்டும் குடியிருப்பில், மேல்மாடி ஒன்றில் அவளுடைய ஒற்றை அறை. கட்டிலும் அடுப்பும் பேசிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன. ஜன்னல் மட்டும் தாராளம். கீழே துறைமுகம் முழுவதும் தெரிந்தது. அவன் கொண்டுவந்த ரொட்டியை அவள் நின்றபடியே பிய்த்துத் தின்றாள்.

"அம்மாகிட்ட ஏன் மறைச்ச?"

"ஒரு பிள்ளையைக் கடலுக்குக் குடுத்தது போதும்னு, நீ கப்பலேறின அன்னிக்கு அம்மா எப்படி அழுதாங்க? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். சீருடையை மாத்தாத, அப்படியே நில்லு." அவள் தடுப்பதற்குள் வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டான். விஷயத்தை அவனே போட்டு உடைத்தான்.

அம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து சீருடையை மேலும் கீழும் பார்த்தாள். தங்கை நகத்தைக் கடித்தாள்.

"அண்ணன் கப்பல் எவ்வளவு பெருசுடி?"

"நம்ம தெருவை விட நீளம்மா."

"அதை நீ இழுத்தியா?"

"நானும் இன்னொரு படகும் சேர்ந்து."

"உள்ள அண்ணன் இருக்கான்னு தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப பதமாத்தான் இழுத்திருப்ப." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டுக்காரிகிட்ட கம்ப்யூட்டர்னு சொல்லித் தொலைச்சிட்டேனே. இரு, வெச்சிடாத." திரை ஆடியது. படியும் வாசலும் ஒரு கோழியும் வந்து போயின. மூச்சிரைக்க அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஏங்க, இங்க வாங்க. என் பொண்ணைப் பாருங்க. கப்பல் இழுக்கிறா."

சாயங்காலம் காற்று பலமாக எழும்பி, கப்பலைக் கரையோடு வைத்து அழுத்தியது. புறப்படும் நேரம் நெருங்கியதும் ரொட்டி, கறி வெட்டுபவரையும் பாத்திரம் கழுவுபவரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஊழியர் தளத்துக்குக் கூட்டிவந்தான். கீழே, கப்பலின் உடம்புக்கு முன் பொம்மை போலத் தங்கையின் படகு.

"இத்தனூண்டு படகா?" என்றார் கறி வெட்டுபவர்.

"பாருங்க."

கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து விறைத்தது. படகின் பின்னால் கடல் வெள்ளையாகக் கொதித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, தம் கட்டி இழுத்தது படகு. காற்று விடவில்லை. படகும் விடவில்லை. கப்பல் லேசாக அதிர்ந்தது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே கோடு போல ஒரு இடைவெளி விழுந்து, வாய்க்கால் அளவு விரிந்து, ஆறளவு ஆனது. மேல்தளத்தில் பயணிகள் கைதட்டினார்கள்.

அவன் இரண்டு கையையும் தூக்கி வீசினான். படகின் கண்ணாடி அறைக்குள் தங்கை தெரிந்தாள். கைகள் பிடிகளில், கண் கயிற்றில், வாய் ரேடியோவில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சத்தமா கூப்பிடுப்பா, திரும்புவா," என்றார் பாத்திரம் கழுவுபவர்.

ரொட்டி கைகளை இறக்கினான். "வேண்டாம். கேப்டன் வேலையில இருக்காங்க."

சொல்லும்போது நெஞ்சு சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொள்ளும் போலிருந்தது.

கீழே படிக்கட்டிலிருந்து தலைமைச் சமையல்காரரின் குரல் வந்தது. "ரொட்டி, எங்கய்யா போன? மாவு பொங்கி வழியுது."

"வழியட்டும் சார்," என்றான் அவன். படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு திரும்பும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.