டோர்டோ ஓடையில் நான் மீன் வைக்காத கதை

1

இந்தக் கதை ஓர் ஆண்டறிக்கையிலிருந்து துரத்தப்பட்டு வந்தது. எங்கள் பல்கலைக்கழக உயிரியல் துறை கோடைதோறும் சமுதாயக் கல்லூரி மாணவர்களை ஆய்வகத்துக்குள் அழைக்கிறது. கடைசி நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கும். வேன் ஏற்பாடு செய்வது, மதியச் சாப்பாடு சொல்வது, வழி தவறியவர்களைக் கட்டடம் கட்டடமாகத் தேடுவது என் வேலை. அறிக்கைக்கு ஒரு வெற்றிக் கதை கேட்டார்கள். இட்ஸெல் பர்ராகானைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். "இதுல வெற்றி எங்க இருக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கானால் அதில் வெற்றியைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: டோர்டோ ஓடையில் அறுபது ஆண்டுகளாகக் கடலிலிருந்து சால்மன் மீன் ஏறி வந்ததில்லை.

(நல்ல வாக்கியம்தான். ஆனால் மீன் கதாநாயகனாகிவிடுகிறது. வேண்டாம்.)

இரண்டாவது தொடக்கம்: விடியற்காலையில் மீனை அறுத்துவிட்டு, பகலில் மீனைத் தேடிப் போகும் ஒரு பெண்

(இது முழுக் கதையையும் போட்டு உடைத்துவிடுகிறது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை.)

நேராகவே சொல்கிறேன். இட்ஸெலுக்கு இருபத்துமூன்று வயது. சேக்ரமெண்டோ பள்ளத்தாக்கில், எங்களிடமிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் இரண்டாண்டுக் கல்லூரியில் படித்தாள். காலையில் பல்பொருள் அங்காடியின் மீன் பிரிவில் வேலை. அது முடிந்ததும் எங்கள் வேன். அவளுக்கு ஜோடியாக வந்தவள் பாங் ஷியாங், அதே கல்லூரி, வாய் ஓயாதவள்.

இருவருக்கும் கிடைத்தது டோர்டோ ஓடை. கீழே இருந்த பழைய தடுப்பணையை ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் போராடி, போன ஆண்டுதான் இடிக்க வைத்திருந்தார்கள். மீன் திரும்பிவிட்டதா என்பதுதான் கேள்வி. மீனைப் பிடிக்க வேண்டியதில்லை. நீரில் அது விட்டுச் செல்லும் சளியும் செதில் துணுக்கும் போதும். தண்ணீரை வடிகட்டி, தாளில் சிக்கிய டி.என்.ஏ.வை இயந்திரத்தில் வைத்துப் பெருக்குவார்கள். சினூக் என்ற சால்மன் வகை வந்து போயிருந்தால் திரையில் ஒரு கோடு மேலே ஏறும்.

ஏறியது.

"ஏய், ஏறுதுடி," என்றாள் பாங். "ஊர்ல நமக்குச் செல வெக்கப் போறாங்க. என்னைக் கொஞ்சம் ஒல்லியா செதுக்கச் சொல்லு."

3

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். இவர்கள் வேலை செய்த ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் கரோல் ஹெய்ட்மனை ஒரு வரைவில் வில்லியாக்கிப் பார்த்தேன். மாணவியின் கண்டுபிடிப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் பேராசிரியர். கதை நன்றாக ஓடியது. ஆனால் அந்த அம்மாள் அப்படிப்பட்டவர் இல்லை. "இன்னொரு தடவ பாக்காம வெளிய சொல்லாதீங்க" என்று முதலில் எச்சரித்தவரே அவர்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உள்ளூர்ப் பத்திரிகை கேமராவோடு ஓடைக்கரையில் போய் நின்றது. அணையை இடிக்கப் போராடியவர்கள் இட்ஸெல் வேலை செய்த அங்காடிக்கே கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கோடை முடிவில் ஒரே ஒருவருக்கு ஆய்வகத்தில் இரண்டாண்டு இடம் உண்டு. அது யாருக்கு என்பதில் அந்த வாரம் யாருக்கும் ஐயமில்லை.

4

கடைசி நாளில் மாணவர்கள் தங்கள் முடிவுகளை மேடையேறிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின நாட்களில் ஒன்று. ஆய்வகத்தில் அவர்கள் இருவர், கதவருகே நான். (கேட்டுக்கொண்டிருந்தேன், ஆமாம். எழுதுகிறவன் வேறென்ன செய்வான்.)

"வெறும் தண்ணி ஃப்ரீசர்லயே கெடக்கு பாங். அத நாம ஓட்டவே இல்ல."

வெறும் தண்ணீர் என்பது ஆய்வகத்திலிருந்து கொண்டுபோகும் தூய நீர். ஓடைக்கரையில் அதையும் திறந்து, அதே மாதிரி வடிகட்டி, அதே கையால் மூடி வைப்பார்கள். அதில் எந்த மீனும் இருக்கக் கூடாது.

"மெஷின்ல எடம் இல்லன்னுதான தள்ளி வெச்சோம். நாளன்னைக்கு மேடை. இப்ப எதுக்கு அத நோண்டற?"

"யாராவது கேட்டா?"

"யாரு கேப்பா? ஸ்கூல் பசங்க பீட்சா எப்பன்னு கேப்பாங்க."

"நான் கேக்கறேனே."

"உன்னோட ஜோடி சேத்து விட்டாங்க பாரு, அவங்கள சொல்லணும்," என்றபடி பாங் எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்தாள்.

வெறும் தண்ணீரிலும் கோடு ஏறியது.

(இட்ஸெல் தன் மேல்கோட்டின் கையை முகர்ந்து பார்த்தாள் என்று எழுதியிருந்தேன். பாங் படித்துவிட்டு, "அவ ஒண்ணும் மோந்து பாக்கல. தரையில ஒக்காந்துட்டா," என்றாள். திருத்திவிட்டேன்.)

தண்ணீர் எடுத்த அன்று அவள் மீன் பிரிவிலிருந்து, போட்டிருந்த மேல்கோட்டைக்கூட மாற்றாமல், நேராக வேனுக்கு ஓடிவந்திருந்தாள். அன்று காலை அறுத்தது அலாஸ்காவிலிருந்து வந்த சினூக். ஓடையில் ஏறிய மீன் அவள் கோட்டிலிருந்து இறங்கியது.

ஹெய்ட்மன் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆய்வகத்துல கலப்படம் ஆயிடுச்சுன்னு நானே சொல்லிடறேன். நீ மேடை ஏற வேணாம்."

"ஆய்வகம் ஒண்ணும் பண்ணல டாக்டர். என் கோட்டுதான் பண்ணுச்சு. நானே சொல்றேன்."

5

அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் பாதிப்பேர் அவள் படித்த பள்ளியிலிருந்தே வந்தவர்கள். பின்னால் அணையை இடிக்கப் போராடியவர்கள். இட்ஸெல் இரண்டு கோடுகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

"இது ஓடைத் தண்ணி. இது வெறும் தண்ணி. ரெண்டுலயும் மீன் இருக்கு. அப்படின்னா மீன் ஓடையில இல்ல, என் மேல இருந்துருக்கு. நான் மீன் வெட்டற வேலை பாக்கறேன். அன்னைக்குக் கோட்ட மாத்தாம வந்துட்டேன்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். நாற்காலி மடங்கிய சத்தம் அரங்கு முழுக்கக் கேட்டது.

பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பள்ளிப் பெண் கை தூக்கினாள். "அப்ப ஓடையில மீன் இல்லையாக்கா?"

"தெரியாது."

"இருக்குன்னுதான பேப்பர்ல போட்டாங்க?"

"என் தண்ணிய வெச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. திரும்ப எடுக்கணும். சனிக்கிழமை போறேன். யாரு வர்றீங்க?"

பீட்சாவுக்காக வந்தவர்கள் என்று பாங் சொன்ன பிள்ளைகள் வரிசை வரிசையாகக் கை தூக்கினார்கள். எத்தனை வேன் வேண்டும் என்று எண்ணத் தொடங்கிய நான் பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். கண்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

6

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: ஹெய்ட்மன் மேடையேறி, அந்த இரண்டாண்டு இடம் இட்ஸெலுக்கே என்று அறிவிக்கிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். இது நடக்கவில்லை. உண்ணிகளைப் பற்றி நன்றாக வேலை செய்த இன்னொரு மாணவனுக்கு அது போனது, நியாயமாகத்தான் போனது. இட்ஸெல் அவனுக்குக் கைகொடுத்தாள். கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்.

இரண்டு: அதே மாலை, இடிந்த அணைக்கு மேலே ஒரு சால்மன் துள்ளுகிறது. எனக்கு ஒரு வரி செலவு, அவ்வளவுதான். எழுதியும் பார்த்தேன். வெறும் தண்ணீரை எடுத்து ஓட்டிப் பார்த்த ஒருத்தியின் கதைக்குள் நான் பிடிக்காத மீனை விடுவதா? அடித்துவிட்டேன்.

நடந்தது இது. சனிக்கிழமை இட்ஸெல் ஓடைக்கு அருகில்கூட வரவில்லை. மேலே, சாலையோரத்தில் நின்றுகொண்டாள். இறங்கச் சொன்னால், "நான் இன்னைக்கும் மீன் வெட்டிட்டுத்தான் வந்துருக்கேன்," என்றாள். அங்கிருந்தே கத்தினாள்: "கையுறைய மாத்து. மாத்திட்டியா? இன்னொரு தடவ மாத்து." கீழே முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பல்லுக்குக் கம்பி போட்ட பெண், பக்கத்தில் நின்றவளிடம் பெரிய விஞ்ஞானி தோரணையில், "வெறும் தண்ணிய மொதல்ல தொற," என்றாள்.

ஹெய்ட்மன் என் பக்கத்தில் வந்து நின்றார். "இருபது வருஷமா இத நான் சொல்லிக் குடுக்கறேன்," என்றார். "இவ ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துட்டா." அதன் பிறகு சனிக்கிழமைகளை இட்ஸெலிடமே ஒப்படைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமைத் தண்ணீரின் சோதனை முடிவு வந்துவிட்டது. எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் எடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள். அடுத்த மாதம் தங்கள் பள்ளியில், தங்கள் ஊரார் முன்னால் அதை அவர்களே சொல்லப் போகிறார்கள். அவர்களை முந்திக்கொண்டு அச்சில் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதுவரை ஓடையில் மீனை விடுவதும் விடாததும் உங்கள் பாடு.