வெற்றிடம் நீக்கப்பட்ட பதிப்பு

1

இந்தக் கதை ஒரு சின்னச் சதுரத்திலிருந்து பிறந்தது. கணினித் திரையில், ஒரு மென்பொருளின் அமைப்புப் பக்கத்தின் அடியில், எறும்பளவு எழுத்தில் இப்படி ஒரு வரி: ‘பேச்சில் உள்ள வெற்றிடங்களை நீக்கு.’ பக்கத்தில் இருந்த சதுரத்தில் சரி அடையாளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. யாரைக் கேட்டுப் போட்டார்கள்? என்னைக் கேட்கவில்லை. அன்ரனெற் அக்காவைக் கேட்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆத்திரமில்லாத கதை வேண்டுமென்றால் இந்த இதழின் அடுத்த பக்கத்துக்குப் போங்கள், அங்கே கத்தரிக்காய்ப் பொரியல் செய்முறை இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘1998 மார்ச் மாதம், மல்வேர்னில் பனி உருகிக்கொண்டிருந்தபோது’

(அடித்துவிட்டேன். பனி இல்லாமல் ஒரு ரொறன்ரோக் கதையாவது தொடங்கட்டும்.)

இரண்டாவது தொடக்கம்: ‘பிரியந்தன் கம்பியூட்டரில் புலி. அன்ரனெற் அக்கா வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தான். புதிய பதிப்பு என்று கேட்டாலே அவனுக்குக் கை துறுதுறுக்கும்.’

இந்தப் பிரியந்தனை இரண்டு வாரம் கட்டி மேய்த்தேன். வாய்ச்சவடால், அரைகுறை அறிவு, மூக்குக் கண்ணாடி எல்லாம் கொடுத்தேன். பிறகு ஒருநாள் வெட்கமாகப் போய்விட்டது. பிரியந்தன் என்று ஒருவன் இல்லை. அந்த பேஸ்மென்ற்றில் இருந்தவன் நான். அந்தக் கண்ணாடியும் என்னுடையதுதான்.

3

நடந்ததைச் சொல்கிறேன்.

அன்ரனெற் அக்கா மார்க்கம் நகரில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலைக்கு இரண்டு பஸ் பிடித்துப் போய்வருகிறவர். அவருடைய கணவர் யேசுரட்ணம் வன்னியில் இருந்தார். அவரைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் பத்திரங்கள் மூன்று வருடமாக மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தன. அவர் இருந்த பக்கம் தொலைபேசி இல்லை. கடிதத்துக்குப் பதிலாகக் கசெற் வரும். வெற்றுக் கசெற் அங்கே கிடைக்காது. அதனால் வந்த கசெற்றிலேயே, அவர் குரலுக்கு மேலேயே, அக்கா பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவார். வெளியில் ‘மாதா பாடல்கள்’ என்று எழுதியிருக்கும். ஒருமுறை இராணுவத் தடைமுகாமைத் தாண்டிய கசெற் மறுமுறையும் தாண்டும் என்பது அக்காவின் நம்பிக்கை. புதுசு அனுப்பவே மாட்டார்.

அந்த மார்ச்சில் வந்த கசெற்றை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

“ரெண்டு கசெற் போடுற டபுள் டெக்கிலை ஒரு கொப்பி அடிச்சால் காணாதோ, தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.*

“அக்கா, நீங்கள் எந்தக் காலத்திலை இருக்கிறியள்? கசெற் பூஞ்சணம் பிடிக்கும். கம்பியூட்டரிலை ஏத்தினால் நூறு வருசத்துக்கும் கிடக்கும்!”

“உமக்குத் தெரியும்தானே. சனிக்கிழமைக்கு முதல் தாரும். தெரிஞ்ச அன்ரி ஒராள் கொழும்புக்குப் போறா, அவவிட்டைக் குடுத்துவிட வேணும்.”

* ஆம், கேட்டார். வாசகரே, நீங்கள் இப்போது கேட்க நினைக்கும் அதே கேள்வியை அவர் அன்றைக்கே கேட்டார். என்னைத் திட்டுவதென்றால் வரிசையில் நில்லுங்கள், எனக்கு முன்னால் நானே நிற்கிறேன்.

4

ஒலியைச் சுருக்கும் மென்பொருளில் என்னிடம் இரண்டு பதிப்புகள் இருந்தன. 2.1 கிழட்டு மாடு. நாற்பத்தைந்து நிமிட ஒலியைச் சுருக்க நாலு மணித்தியாலம் எடுத்தது. 3.0 ஒரு மணித்தியாலத்தில் முடித்தது, கோப்பும் சின்னது, இரைச்சலும் குறைவு. இரண்டாலும் செய்து பார்த்தேன். கவனியுங்கள், இரண்டு கோப்புகளும் என் கையில் இருந்தன. இரண்டிலும் முதல் பத்து வினாடியைக் கேட்டேன். பத்தே பத்து வினாடி! 3.0 கண்ணாடிபோல் இருந்தது. வட்டில் இடம் இல்லையென்று 2.1 செய்த கோப்பை அழித்தேன். கசெற்றிலிருந்து முதலில் ஏற்றிய பெரிய கோப்பையும் அழித்தேன். பிறகு கசெற்றை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா எனக்கு மீன் கட்லற் தந்தார்.

வெள்ளிக்கிழமை அதிலேயே பதில் பேசிப் பதிந்தார். சனிக்கிழமை அது போய்விட்டது.

ஞாயிறு பூசை முடிந்து, கோட்டைக் கழற்றாமலே கீழே வந்து என் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் பெருமையோடு பொத்தானை அழுத்தினேன். ஒரு நிமிடம் கேட்டார். முகம் மாறியது.

“அவர் இப்பிடிக் கதைக்கிறவர் இல்லை, தம்பி.”

“அவரின்ரை குரல்தானே அக்கா? எவ்வளவு கிளியரா இருக்கு!”

“குரல் அவரின்ரைதான்.” அக்கா திரையைத் தொட்டார். “என்னைக் கதைக்க விடுறாரில்லை.”

5

(இந்த இடத்தில் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கும்போது கோபம் ஆறிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.)

யேசுரட்ணம் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் இடம் விடுவார். “சுகமோ?” என்பார், நிற்பார். அக்கா இங்கே பதில் சொல்வார். “அப்ப சரி,” என்று அவர் தொடர்வார். எந்தக் கேள்விக்கு அக்கா எவ்வளவு நேரம் பேசுவார் என்று அவருக்குத் தெரியும். வேலையைப் பற்றிக் கேட்டால் நீளமாக விடுவார். கசெற் வந்ததிலிருந்து அது திரும்பிப் போகும்வரை இரண்டு வாரமும் மேலே குசினியில் சமைத்துக்கொண்டே அக்கா, “ஓமப்பா, குளிர்தான்… இல்லையப்பா, சப்பாத்து வாங்கீற்றன்,” என்று பேசுவது எனக்குக் கேட்டது. போனில் யாரோ என்று நினைத்தேன்.

வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளை அவருடைய கூட்டாளி அருள்நாயகம் மிதிக்க, டைனமோவில்தான் ரெக்கோடர் ஓடியது. அக்கா பேசவேண்டிய நேரத்துக்கும் அந்த மனிதன் மிதித்திருக்கிறான். நெஞ்சு வலிக்க மிதித்து அனுப்பிய இடம் அது. எங்கேயோ ஒரு குளிரூட்டிய அறையில் இருந்தவன் அதற்கு வைத்த பெயர் வெற்றிடம். சதுரத்தில் சரி போட்டிருந்ததால் 3.0 அதை நீக்கிவிட்டது. நாற்பத்தைந்து நிமிடம் முப்பத்தொன்றாகியிருந்தது. பதினாலு நிமிடம், ஐயா! அக்காவின் பங்கு முழுவதும்.

அதற்குப் பிறகு கசெற் வரவில்லை. வருடம் ஒன்று தாண்டிவிட்டது. யேசுரட்ணம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

6

முடிவுகள்.

(அ) கோடை தொடங்கும்போது ‘மாதா பாடல்கள்’ திரும்பி வருகிறது. எழுதினேன், கிழித்தேன். பொய்.

(ஆ) அழித்த கோப்பை நான் மீட்டெடுக்கிறேன். மூன்று இரவு உண்மையாகவே முயன்றேன். அந்த இடத்தில் வேறு ஏதேதோ எழுதப்பட்டுவிட்டது.

(இ) கேள்விகளை வெட்டி, நடுவில் மௌனத்தை நானே வைக்கிறேன். இதையும் செய்தேன். அக்கா பக்கத்தில் இருந்து, “இதிலை கொஞ்சம், இதிலை கனக்க,” என்று சொல்லச் சொல்ல வைத்தேன். போட்டுக் காட்டினேன். முதல் இடைவெளியில் அக்கா வாயைத் திறந்தார். மூடினார்.

“சைக்கிள் சத்தம் இல்லை,” என்றார். “இது அவர் விட்ட இடமில்லை, தம்பி. நீர் விட்ட இடம்.”

7

கடைசிப் பக்கத்தில் யேசுரட்ணத்தின் கேள்விகளை, ஒவ்வொன்றுக்கும் பிறகு வெறும் வரிகள் விட்டு, இதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர் பிரதீபா எனக்குப் போன் எடுத்தார்.

“அண்ணை, கடைசியிலை கனக்க வெறும் இடமாக் கிடக்கு. கேள்வியளைச் சேர்த்துவிட்டால் ஒரு நகைக்கடை விளம்பரம் போடலாம்.”

கத்தினேன். நீரும் 3.0தான் என்றேன். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனை வைத்த பிறகு அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வரிகளும் நான் விட்ட இடம்தான். மறுநாள் பிரதீபாவிடம் மன்னிப்புக் கேட்டு, சேர்த்துவிடச் சொன்னேன்.

ஆகவே கோப்பில் இருக்கிறபடியே தருகிறேன். எங்கே நிற்கவேண்டும், எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உரிமையுள்ளவர் மேலே குசினியில் இருக்கிறார், நான் அவரிடம் கேட்கமாட்டேன். உரக்க வாசியுங்கள். நிற்கத் தோன்றும் இடத்தில் நில்லுங்கள். யாராவது மிதித்துக்கொண்டிருப்பார்கள்.

அன்ரனெற் சுகமோ அப்ப சரி அங்கை குளிர் எப்பிடி அடக் கடவுளே சப்பாத்து வாங்கினீரோ நல்லது வேலை என்ன மாதிரி சொல்லும் ஓ அப்பிடியோ பாவம் நீர் அழக்கூடாது என்ன அருள்நாயகம் களைச்சுப்போனான் இன்னும் ஒண்டு மட்டும் கேக்கிறன் நான் வந்துசேருவன் எண்டு நம்புறீரோ