நாற்பது நிமிடம் பிந்திய கால்

ஏலப்பாறைக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வீட்டில் குடியிருக்கும் சந்தனமேரியின் இடதுகால் நாற்பது நிமிடம் பிந்தி வாழ்கிறது. நடையில் தாமதம் இல்லை, உணர்வில்தான். காரணம் எளிது. தொடை எலும்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்தபோது, நோய் பிடித்த துண்டை அறுத்தெடுத்து, கட்டியைச் சுரண்டிக் கழுவி, வேறொரு கட்டடத்துக்குக் கொண்டுபோய்க் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஒட்டியிருந்த மிச்ச நோய் அதில் செத்தது. பிறகு அதே எலும்பைப் பழைய இடத்தில் வைத்து, தகடும் ஸ்க்ரூவும் போட்டு முடுக்கினார்கள். போய்வர நாற்பது நிமிடம். அவ்வளவு நேரம் எலும்புக்காகக் காத்துக் கிடந்த கால், அந்தத் தாமதத்தை இன்றுவரை ஈடுகட்டவில்லை.

மழை விட்டு வெயில் வந்த பிறகுதான் அந்தக் கால் குளிரும். அட்டை கடித்தது, அது குடித்து முடித்து விழுந்த பிறகு தெரியும். மூன்று மாதத்துக்கொருமுறை ஸ்கேன் சுத்தமாகவே வந்தது. ஆஸ்பத்திரியில் வாழ்க்கைத் தரம் என்று ஒரு படிவமும் கொடுத்தார்கள்: வலி எவ்வளவு, படி ஏற முடிகிறதா, தூக்கம் உண்டா. தொட்டால் எப்போது தெரிகிறது என்ற கேள்வி அதில் இல்லை. கொழுந்து பறிக்க மலையேறக் கூடாது என்றார்கள். பிள்ளைக் காப்பகத்துக்கு வேலை மாறினாள். அதுவும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்.

கணவன் செபாஸ்டின் தினமும் காலையில் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, சங்கு ஊதுமுன் ஃபேக்டரிக்கு ஓடுவான். அவன் அங்கே மெஷின் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவன் கை அவள் கெண்டைக்காலுக்கு வந்து சேரும். தொட்டிலை ஆட்டியபடி அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

"என்னடி மேரி, ஆளு ஃபேக்டரியில, வெக்கம் இங்கயா?" என்பாள் கூட வேலை பார்க்கும் ஞானஜோதி.

அவன் இருக்கும்போது அவன் கை வருவதில்லை. கை வரும்போது அவன் இல்லை. மூன்று வருடம் அப்படிப் போனது. நான்காம் வருடம் ஒருநாள் அவனிடமே சொல்லிவிட்டாள்.

"இத்தன நாளா ஏன்ட்டி சொல்லல?"

"நீங்களே அரக்கப்பரக்க ஓடுறீங்க. இதுல இது வேறயா?"

மறுநாள் அவன் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து எண்ணெய் தேய்த்தான். கையைக் கழுவினான். பால் விடாத கட்டன் சாயா போட்டு அவளுக்கும் கொடுத்துவிட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்தான்.

"வந்துட்டேனா?"

"இன்னும் இல்ல. சாயாவக் குடிங்க."

அவன் குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"இப்ப?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆங், கணுக்கால்ல இருக்கீங்க."

அவன் அசையவில்லை. அவன் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவள் காலில் மெல்ல மேலேறிக்கொண்டும் இருந்தன.