இரண்டு கட்டு புதினா

என் வீட்டுக்காரர் முகுந்தன் குடியை நிறுத்தி அன்றோடு தொண்ணூற்று நான்கு நாள். பார்த்து அன்றைக்கென்று தீபாவளியும் வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர் பண்டமாரானில் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்து என்றால் பெண்களுக்கு உள்ளே பலகாரம், ஆண்களுக்குக் கார் நிறுத்துமிடத்தில் பீர். பதினெட்டு வருடமாக அந்தக் கூட்டத்துக்கு இவர்தான் தலைவர். இந்த வருடம் வெறுங்கையோடு எப்படி உட்காருவார்? அதற்காகத்தான் யூடியூபைத் திறந்தேன். அன்னாசி, இஞ்சி, சீனியோடு செராய் என்கிற எலுமிச்சைப் புல் தண்டைத் தட்டிப் போட்டு ஊறவைத்து, கொடுக்கும்போது ஐஸும் புதினாவும் சேர்க்கச் சொன்னாள் ஒருத்தி. மூன்று நாள் முன்பே நான்கு பாட்டிலில் அடைத்தேன். ஃபிரிட்ஜில் வைக்கத்தான் சொன்னாள். அங்கே ஆட்டிறைச்சியும் கோழியும் இடமில்லாமல் அடைந்து கிடந்தன. அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

தீபாவளிக் காலை மூடியைத் திறந்தேன். ‘டப்’பென்று நுரை பொங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சோடாவே வேணாங்க, தானா நுரைக்குது பாருங்க!"

புதினா போட்டு கிளாஸை நீட்டினேன். வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"குமுதா, இதுல கள்ளு வாடை வருது."

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டீங்களா? குடிங்க லா."

"நீயே மோந்து பாரு."

முகர்ந்தேன். புளித்துக் கள்ளாகியிருந்தது. தினமும் இவர் வேலை முடிந்து வாசலுக்கு வந்ததும் வாயை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவேன். அப்பேர்ப்பட்ட என் மூக்குக்கு, மூன்று நாளாக என் அடுப்படியிலேயே பொங்கிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

கிளாஸ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. பிடுங்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சிங்க்கில் ஊற்றினார். பிறகு நான்கு பாட்டில்களையும், குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாக.

"நானே குடுத்துட்டேனே" என்று அழுதேன்.

"குடிக்கலல்ல? அழாத. வேற செய்வோம்."

லிமாவ் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்து, உப்பும் புளிப்புமான அசாம்போய் உலர்பழம் இரண்டைப் போட்டு, புதினாவைக் கசக்கி, ஐஸ் போட்டு அவரே ஒரு கிளாஸ் கலந்தார். வாயில் வைத்ததும் எனக்கு உச்சிவரை குளிர்ந்தது. ஆனால் மூன்று கிளாஸ் கலப்பதற்குள் புதினா தீர்ந்துவிட்டது. அவர் கூட்டாளி சபாபதி பாதி வழியில் வருவதாகப் போன் செய்துவிட்டார்.

ரோட்டு முனைக் கடையில் புதினா கிடைக்கும். அதே கடை வாசலில்தான் பீர்ப் பெட்டியும் இருக்கும். வேலைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும் என்பதால், இவர் மோட்டார் சைக்கிள் சாவி தொண்ணூற்று நான்கு நாளாக என் பர்ஸில்தான். உப்பு வாங்கக்கூட நான்தான் ஓடுவேன்.

சாவியை எடுத்து நீட்டினேன்.

"ரெண்டு கட்டு வாங்கிட்டு வாங்க. வாடாததா பாத்து."

சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ வரலையா?"

"எனக்கு வடை சுடணும்."

பத்து நிமிட வேலை. இருபத்தைந்து நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம். ஓர் ஈடு வடை கருகியது. பீர்ப் பெட்டியோடு சபாபதி வந்து இறங்கினார்.

"எங்க அண்ணி, நம்ம ஆளு?"

"கடைக்கு."

"தனியாவா?"

கரண்டியாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. சாவியைக் கொடுத்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மோட்டார் சத்தம் கேட்டது. வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"முனைக் கடையில எல்லாம் வாடிக் கெடந்துச்சு. பாசார் வரைக்கும் போயிட்டேன்."

சொல்லிக்கொண்டே, சபாபதி நிற்பதையும் பார்க்காமல், வழக்கம்போல் என் முன் குனிந்து வாயைத் திறந்தார்.

நான் அவர் கையிலிருந்த புதினாக் கட்டுகளை வாங்கி, அவற்றை முகர்ந்து பார்த்தேன்.

"நல்லா இருக்கு. உள்ள வாங்க, ஐஸ் கரையுது."