சாமியாருக்கு லீவு

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கம்ப்யூட்டருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்த ஒரே யார்டு வேதமாணிக்கத்தினுடையதுதான். லாரி எடைமேடையின் ஜன்னலோரம் இருந்த பெட்டி ‘சாமியார்’. பின்னறையில் இருந்தது ‘ரவுடி’. பெயர் வைத்தவர்கள் லோடு ஆட்கள். குணம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

இரண்டிலும் ஓடியது, கம்ப்யூட்டரை இயக்க இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். இரண்டையும் கட்டி மேய்த்தவள் எழில்மொழி, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி வருகிறவள். லினக்ஸ் செய்கிறவர்கள் புதுச் சரக்கை இரண்டு வழியாக விடுவார்கள். ஒன்று ‘ஸ்டேபிள்’. ஊரெல்லாம் போட்டு அடித்துத் துவைத்து, இனி கெடாது என்று தெரிந்த பிறகு வருவது. மற்றது ‘அன்ஸ்டேபிள்’. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வருவது. ருசியும் இருக்கும், வாயும் வேகும். சாமியாருக்கு முதல் வழி மட்டும்தான். ரவுடியோ தினமும் காலையில் கண் விழித்ததும் இரண்டாவது வழியில் வந்ததையெல்லாம் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும். எது உடைகிறது, எது நிற்கிறது என்று எழில்மொழி அதில் பார்த்து வைத்துக்கொள்வாள். எடைச்சீட்டைத் தமிழில் அடிக்க முடியுமா என்று பார்ப்பதற்காக எடைமேடை புரோகிராமையும் அதில் ஏற்றி வைத்திருந்தாள். சாமியாரிடம் இருந்த பழைய சரக்கில் தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும்.

வேதமாணிக்கத்துக்கு இதை விளக்க அவள் சிரமப்படவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரும்பிலேயே நரைத்த மனிதர்.

“கம்பிய வளைச்சுப் பாத்துட்டுத்தானம்மா கட்டடத்துக்கு அனுப்புதோம்? ரவுடி வளைச்சுப் பாக்க கம்பி. அப்படித்தான?” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

இது விளங்காதவர் அவருடைய மாப்பிள்ளை ஆன்றோ. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் வைத்திருக்கிற சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டால் எல்லாருக்கும் பார்க்கத் தெரியும், இந்தப் பெண் நாளைக்கு நின்றுவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மாமனார் தலையைச் சொறிந்து ஒரு முடிவு சொன்னார். எடைமேடை இதுவரை நின்றதில்லை. நிற்காதவரைக்கும் எழில்மொழி இருக்கட்டும். நின்றால் மாப்பிள்ளை சொல்கிறபடி.

அன்றிலிருந்து எழில்மொழிக்குச் சோறு இறங்கவில்லை. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அதைவிட, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட வேலை இது. இதை விட்டால் வேறு எங்காவது போய் நாளெல்லாம் பெயரும் விலாசமும் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து நான்கில் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி கிறிஸ்தவர் என்பதால் பூஜை நடக்காமல் இருந்துவிடுமா? பொரி, கடலை, வாழைப்பழத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அவர் வாசலில் நின்றுகொள்வார். லோடு ஆட்கள் கிரேனுக்கும் கட்டிங் மெஷினுக்கும் எடைமேடைக்கும் சந்தனம் வைப்பார்கள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் பட்டை அடித்து, நடுவில் குங்குமமும் வைத்தார்கள். மறுநாள் விஜயதசமி. எழில்மொழியின் வீட்டார் பௌத்தர்கள். அம்பேத்கர் தீட்சை வாங்கிய நாளென்று வியாசர்பாடியில் கூட்டம் இருக்கும். அவள் லீவு போட்டிருந்தாள். அன்று பேருக்கு ஒரு லோடு எடை போட்டார்கள், எடை சரியாகவே விழுந்தது. பில் போடும் ஞானசெல்விக்கு மட்டும் திரையில் எழுத்து கொஞ்சம் அழகாகிவிட்டதாகத் தோன்றியது. துடைத்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எழில்மொழி வந்து இறங்கியபோது மணலி சாலை வரைக்கும் லாரி நின்றது. டிரைவர்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எடையே வர மாட்டேங்குது எழிலு. காலையில ஆன் பண்ணதும் என்னவோ ரொம்ப நேரம் ஓடிச்சி. அப்புறம் எல்லாம் சைபர்தான்” என்றாள் ஞானசெல்வி, அழுகிற குரலில்.

எழில்மொழி இரண்டு கட்டளை தட்டினாள். அன்று காலை வந்திறங்கிய சூடான சரக்கு, எடைமேடையிலிருந்து வரும் வயரை யாரென்று கேட்டுக்கொண்டிருந்தது. சாமியாருக்கு இந்தச் சரக்கு வரவே கூடாதே! மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்தது ரவுடி.

பின்னறைக்கு ஓடினாள். சாமியார் அங்கே ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு, தலையில் வாடிய சாமந்தியோடு நிம்மதியாக இருந்தது. துண்டை உருவிவிட்டு அதைத் தூக்கியபோது, யார்டு பெருக்கும் தாயம்மா துடைப்பத்தோடு எதிரே வந்து நின்றாள்.

“இன்னாம்மா எயிலு, அத்த ஏம்மா மறுபடியும் தூக்கினு போற? பாவம், இன்னும் ரெண்டு நாள் தூங்கட்டுமே.”

எழில்மொழி பெட்டியோடு அப்படியே நின்றாள்.

“யக்கா, நீயா மாத்துன?”

“ஆமா. பூஜை ஆன அன்னிக்கு தொடைச்சி வக்கும்போது மாத்தி வச்சேன். எந்த வயரு எதுல போவும்னு நீ சொருவறத பாத்துகினுதானே கீறேன்? வேற ஓட்டைல சொருவுனா அது போவவே போவாது.”

அப்படியே அவள் தலையில் பெட்டியைப் போட்டுவிடலாம் என்று எழில்மொழிக்கு ஆத்திரம் வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. ஆனால் லாரிக்காரர்கள் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சாமியாரைக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்து வயர்களைச் செருகினாள். லாரி மேடையில் ஏறியது. எடை விழுந்தது. எடைச்சீட்டு அடித்து வந்தது.

எல்லாம் சரியான பிறகுதான் விசாரணை. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது போல ஆன்றோ முதலாளி அறையில் உட்கார்ந்திருந்தார். வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை.

“எடை நின்னுச்சா, இல்லையா?” என்றார் ஆன்றோ.

“நின்னுச்சி சார். பெட்டி மாறிப்போச்சு.”

“தானா மாறுமா? யார் மாத்துனது?”

பெயரைச் சொன்னால் போதும். தப்பு லினக்ஸுடையதும் இல்லை, தன்னுடையதும் இல்லை என்றாகிவிடும், வேலை நிற்கும். தினக்கூலிக்குப் பெருக்குகிற கிழவியை வெளியே அனுப்ப இந்த மார்க்கெட்டில் யாரும் இரண்டு முறை யோசிக்க மாட்டார்கள். அது எழில்மொழிக்கு நன்றாகவே தெரியும்.

“பெட்டி மேல பேர் எழுதி ஒட்டிருக்கணும் சார். ஒட்டல. என் தப்புதான்” என்றாள்.

“அப்ப சரி மாமா. பேசுனபடி...” என்று ஆன்றோ எழுந்தார்.

வாசலில் துடைப்பம் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

“நாந்தான் சாரு மாத்துனேன். அந்தப் பொண்ண ஏன் பேஜாரு பண்றீங்கோ?”

வேதமாணிக்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “நீ எதுக்கும்மா அதத் தொட்ட?”

தாயம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வருசம் முச்சூடும் அந்த ஒண்ணே ஒயைக்குது சாரு. இன்னொண்ணு ரூம்ல சொம்மா குந்திகினு கீது. ஆயுத பூஜைக்கி கத்திக்கும் சுத்திக்கும்கூட லீவு வுடறோம். அதுக்கு மாத்து ஆளு கீதேன்னுதான் வுட்டேன். எனக்குத்தான் மாத்து ஆளு இல்ல. கீற பொட்டியாச்சும் படுக்கட்டுமே.”

ஆன்றோ நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

“ஒனக்கு என்னைக்கு லீவு?” என்று கேட்டார் வேதமாணிக்கம்.

“எனக்கு ஏது சாரு லீவு?”

“ஞாயித்துக்கெழம யார்டு பூட்டித்தான கெடக்கு? நாங்கள்லாம் கோயிலுக்குப் போயிருவமே.”

“அன்னிக்குத்தான் காலியா கீது. பெருக்க சுளுவு.”

இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்த மனிதருக்கு முகம் சிறுத்துப்போனது.

“மாப்ள, எடை நின்னது நெசம். மாத்து இருந்ததுனால ஓடுனதும் நெசம். மெசினுக்கு மாத்து வைக்கணும்னு இந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மனுசிக்கே வைக்கத் தெரியலய்யா. எழில்மொழி இருக்கட்டும்” என்றார். மாப்பிள்ளை பெட்டி மேல் பெயராவது எழுதி வைக்கச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. எழில்மொழி வெளியே போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கிளம்புகிற நேரத்தில் தாயம்மா பின்னறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“எயிலு, மொதலாளி என்னிய நாளைக்கி வராதன்ட்டாரு. வேற ஆளு வருதாம். இனிமே எந்த நாயித்துக்கெழமயும் வர வாணாமாம்.”

“நல்லதுதானக்கா. உனக்கு லீவு. கூலி அப்படியே வரும்.”

“வராத ஆளுக்கு எவம்மா கூலி குடுப்பான்?”

“நிஜமாதான்க்கா. என்கிட்டயே சொன்னாரு.”

தாயம்மா நம்பவில்லை. எழில்மொழியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே அந்தப் பொட்டிய தொடவே மாட்டேன்னு அவராண்ட சொல்லும்மா. நாளிக்கி மட்டும் என்னிய வரச் சொல்லும்மா.”