இரண்டு தகர டப்பிகள்

வாழைமரத்தடியில் குந்தியிருந்த பட்டாபி எழுந்திருக்கும் வழியாக இல்லை. நாகலக்ஷ்மி தண்ணீர்ச் செம்போடு நின்று நின்று கால் மாற்றினாள். சமையலுக்கென்று கரமனையில் இந்த வீட்டுக்கு வந்தவள்தான். எஜமானியின் ஆறு வயதுப் பிள்ளைக்கு அலம்பிவிடுவதும் எப்படியோ அவள் தலையில் விழுந்தது. அலம்பிவிட்டு, மறுபடி ஆற்றில் முழுகிவிட்டுத்தான் அடுப்படியில் நுழைய வேண்டும்.

இடுப்பில் செருகியிருந்த இரண்டு தகர டப்பிகள் உறுத்தின. பள்ளிக்கூடத்தில் கொக்கிப்புழுப் பரிசோதனை. சுண்டைக்காய் அளவு மலம் ஒவ்வொரு பிள்ளையும் இன்று கொண்டுவந்தாக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. ஒரு டப்பியில் பட்டாபியின் பெயர் ஒட்டியிருந்தது, மற்றதில் அவள் மகள் விஜயத்தின் பெயர்.

எட்டு வயது விஜயம் வெளிறிப்போயிருந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். யாரும் பார்க்காதபோது சுவரைச் சுரண்டித் தின்பாள். வீட்டு எஜமானி லலிதாம்பாள் முந்தாநாளே சொல்லிவிட்டாள்.

"புழு இருக்கற ஆத்து மனுஷா வந்து சமைச்சா எப்படிச் சாப்பிடறது? எனக்கு அருவருப்பாக்கும், கேட்டியா."

இந்த வேலை போனால் இரண்டு வயிற்றுக்கும் சோறு இல்லை. விஜயத்துக்கு மருந்து பிறகு எங்கேயாவது கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைச் சமாதானப்படுத்தினாள். நெய்யும் பருப்புமாகத் தின்று கொழுகொழுவென்றிருக்கும் பட்டாபிக்குப் புழு எங்கே வரப்போகிறது? அவன் எழுந்ததும் ஈர்க்குச்சியால் இரண்டு டப்பிகளையும் அங்கேயே நிரப்பி இறுக மூடினாள்.

அப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வாசலில் யார் காலடி கேட்டாலும் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் வாத்தியார் வெங்கடகிருஷ்ணன் வந்தார்.

"ரெண்டு பேர் டப்பியிலயும் புழு முட்டை இருக்காம். நாளைக்கு வெறும் வயத்தோட அனுப்புங்கோ, மருந்து குடுப்பா. வெறுங்காலோட கொல்லைப் பக்கம் விடாதேங்கோ, அதுலேர்ந்துதான் பரவறது."

அவர் போனதும் லலிதாம்பாள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"உன் பொண்ணுகிட்டேர்ந்துதான் என் கொழந்தைக்கு வந்திருக்கு. அவ இந்தக் கொல்லையிலதானே வளைய வரா."

நாகலக்ஷ்மி கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டும் உங்கள் பிள்ளையுடையதுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏமாற்றுக்காரி என்ற பெயரும் சேரும். விஜயத்துக்குப் புழு உண்டா இல்லையா என்பதே அவளுக்கு இன்னும் தெரியாது.

"மாமி, நான்..."

"ஒண்ணும் பேசவேண்டாம். அடுப்படியைச் சாணி போட்டு மெழுகி, பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேச்சு வச்சுட்டுப் போ. நாளைலேர்ந்து வரவேண்டாம்."

மெழுகினாள். தேய்த்தாள். இரண்டு வருஷம் அவள் கை பட்ட பாத்திரங்கள்; அவள் கை பட்டதற்காகவே இன்று தேய்க்க வேண்டியிருந்தது. கடைசி உருளியைக் கவிழ்த்தபோது வாழைமரத்தடியிலிருந்து பட்டாபியின் குரல் வந்தது.

"மாமி, ஆயிடுத்து."

கூடத்தில் லலிதாம்பாள் விசிறிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அவனை அலம்பிவிட்டுட்டே போயேன். எப்படியும் குளிக்கத்தானே போறே."

நாகலக்ஷ்மி செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, வெறுங்காலோடு கொல்லையின் ஈரமண்ணில் இறங்கினாள்.