அரை மூடி திராட்சாரிஷ்டம்

1
இந்தக் கதை ஒரு செல்போன் வீடியோவில் கிடைத்தது. மற்றவர்களுக்கு இலக்கியம் வாழ்க்கையிலிருந்து வருகிறது. எனக்கு, ஜின்னையும் வோட்காவையும் சேர்த்துக் குலுக்கும் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது. முதல் வரி தயார்: அரூரின் மேல் அந்தி மெல்லச் சரிந்தபோது சந்திரமோகன்...

வேண்டாம். அப்போது காலை பதினொரு மணி.

2
சந்திரமோகன் அரசு அலுவலக எழுத்தர். அவன் குடி தாங்காமல் மனைவி பானுமதி பென்னாகரத்தில் தாய்வீட்டுக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது. நேற்று போனில், "வூட்டுல ஒரு பாட்டில்கூட இருக்கக் கூடாதுங்க. அப்படின்னா வரேன்" என்றாள். இன்று மூன்று மணிக்கு வந்துவிடுவாள். அவன் உடனே வீட்டில் மிச்சமிருந்த ஜின், வோட்கா பாட்டில்களைக் காலி செய்ய முடிவெடுத்தான். (கீழே கொட்டியா? வாசகரே, உங்களுக்கு எந்த ஊர்?)

3
குடித்தால்தான் குடி, கலந்தால் கலை என்பது அவன் கட்சி. வீடியோ வெள்ளைக்காரர் சொன்ன கணக்கு: மூன்று மூடி ஜின், ஒரு மூடி வோட்கா, அரை மூடி ஏதோ பிரெஞ்சு ஒயின். அந்த ஒயினுக்கு அரூரில் எங்கே போவது? அலமாரியில் நாட்டு மருந்துக் கடை திராட்சாரிஷ்டம்* இருந்தது. அதுவும் திராட்சையைப் புளிக்கவைத்ததுதானே? ஐஸ் போட்டுச் சம்படத்தில் குலுக்கி, எலுமிச்சைத் தோல் செருகி, பாயச டம்ளரில் ஊற்றிக் குடித்தான். பிறகு இன்னொன்று. மதியத்துக்குள் மூன்று பாட்டிலும் காலி. சொன்ன சொல் தவறாத மனிதன்.

* அது பானுமதியின் மருந்து. கரு கலைந்த பிறகு அவள் உடம்பு தேற வாங்கியது. இதை அடிக்குறிப்பில் தள்ளியதற்கு வெட்கப்படுகிறேன்.

4
மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். அவள் மன்னிக்கிறாள் (சீரியல்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்). அவள் ஓங்கி அறைகிறாள் (நீங்கள் கைதட்டுவீர்கள்). அவன் திருந்தி... எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றுக்கும் அவள் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றவளிடம் போனேன்.

"போன் பண்ணுனேங்க. ஹலோன்னு சொன்னாரு. அதுலயே தெரிஞ்சிருச்சு" என்றாள்.

"ஒரு தடவை உள்ளே வந்துட்டுப் போங்க. கதையை முடிக்கணும்."

"உங்க கதை முடியறதுக்கு நான் எதுக்குங்க அந்த வூட்டுக்குப் போவணும்?"

அவள் திரும்பிப் போகத் தர்மபுரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பஸ் எடுக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அவளை இறக்கிக் கூட்டிவந்தால்தான் கதை முடியும் என்று நினைப்பவர்கள் நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள். நான் வரமாட்டேன்.